ஆபீஸ் என்றால் தூக்கு

கால்பந்தை ஒரு முறைகூட உதைக்காமல், கால்பந்தால் இந்த உலகத்திலேயே அதிகம் துன்பப்பட்ட மனிதர் யார் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் ஆபீஸ்காரர் என்று சொல்வேன். அந்தக் காலத்து ராயபுரத்தில் அவருக்குப் பக்கத்தில் நின்று ஒரே ஒரு ஆட்டம் பார்த்தவர்கள்கூட இதை ஒப்புக்கொள்வார்கள். அவர்களில் பலருக்குக் காது மந்தமாகிப் போனதற்கும் அதுதான் காரணம்.

ஆபீஸ்காரர் எந்த ஆபீஸிலும் வேலை பார்த்தவர் அல்ல. துறைமுகத்தில், கப்பலின் மேல்தளத்தில் நின்று, சரக்குத் தூக்கும் வின்ச்சு இயந்திரத்தை ஓட்டுகிறவருக்குக் கை காட்டுவதுதான் அவர் வேலை. கப்பல் வேலைக்காரர்களின் பேச்சில் ‘ஆபீஸ்’ என்றால் சரக்கைத் தூக்கு, ‘ஆரியா’ என்றால் இறக்கு. எந்த தேசத்து வார்த்தைகளோ, எங்களுக்குத் தெரியாது. அவர் காலை முதல் மாலை வரை இந்த இரண்டையும் கத்தியதால் அந்தப் பெயர் வந்துவிட்டது.

நான் கப்பலின் வயிற்றுக்குள் கடலை மூட்டை அடுக்கும் கூட்டத்தில் இருந்தேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. பேசுவது அதைவிடக் குறைவு. அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் சதுரமாகக் கொஞ்சம் வானமும், அதன் ஓரத்தில் அவருடைய கையும் தெரியும். அந்தக் கை மெல்ல விரிந்தால், மேகம் இறங்குவதுபோல மூட்டைகள் எங்களை நோக்கி இறங்கி வரும். எங்கள் எல்லோருடைய உயிரும் அந்தக் கையில் இருந்தது. ஆனால் அவருடைய உயிர் பக்கத்துக் கல்லூரியின் கால்பந்து மைதானத்தில் இருந்தது.

அந்தக் கல்லூரிக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இருந்தாலும் ‘நம்ப காலேஜு’ என்றுதான் சொல்வார். வேலை விட்டதும் உடம்பில் கடலைத் தூசியோடு மைதானத்துக்குப் போவார். கேட்க ஒரு காது வேண்டும் என்பதற்காக என்னையும் இழுத்துக்கொண்டு போவார். பந்து மேலே எழும்பினால் போதும், அவர் வாய் தானாகத் திறந்துகொள்ளும். “ஆபீஸ்...” என்று இழுப்பார். பந்து உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கும். அப்போது கடல் இரைச்சல்கூட நின்றுவிட்டதுபோல இருக்கும். பிறகு அவர் “ஆரியா” என்று விட்டுக்கொடுத்தால்தான் பந்து இறங்கும். தான் சொல்லாமல் எந்தப் பந்தும் பூமிக்கு வந்ததில்லை என்று அவர் நம்பினார். பார்த்துப் பார்த்து எனக்கும் அந்த நம்பிக்கை வந்துவிட்டது.

இதற்கெல்லாம் குறுக்கே நின்றவர் கோச்சு. வெள்ளைக் கால்சட்டையும் கழுத்தில் விசிலுமாக ஒரு மெலிந்த மனிதர். கல்லூரிப் பையன்கள் வெறுங்காலில் ஆடுகிறவர்கள். கடற்காற்றில் உயர அடித்த பந்து எந்தத் திசைக்குப் போகும் என்று கடலுக்கே தெரியாது. ஆகவே பந்து தரையைவிட்டு எழும்பக் கூடாது, காலுக்குக் கால் உருண்டு போகவேண்டும் என்பது கோச்சின் கட்டளை. வாழ்நாள் முழுவதும் தூக்கி இறக்கியே பழகியவருக்கு இது எப்படிப் பொறுக்கும்?

“பந்து இன்னா பூசணிக்காயா நைனா? உருட்டிக்கினே கீறானுங்க. இந்த கோச்ச மொதல்ல தூக்கணும்” என்பார்.

ஒரு நாள் அவருடைய கூச்சலைக் கேட்டு மயங்கிய பையன் ஒருவன் பந்தை ஓங்கித் தூக்கினான். காற்று அதை வாங்கிக்கொண்டு போய், மதிலுக்கு அந்தப் பக்கம் நெத்திலி காயப் போட்டிருந்த இடத்தில் போட்டது. மீன்காரம்மா பந்தோடு மதில்மேல் தலையை நீட்டினாள்.

“எந்த பேமானிடா என் மீன் மேல பந்த போட்டவன்?”

“கோச்சு சார்தாம்மா” என்றார் ஆபீஸ்காரர், கொஞ்சமும் யோசிக்காமல். கோச்சு போய்ப் பந்தை வாங்கிக்கொண்டு, அந்தம்மா சொன்னதையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

இன்னொரு நாள் கோச்சு முடிவெட்டும் கடையில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார். தொண்டைமேல் கத்தி இருந்ததால் எழுந்து ஓட முடியாத நிலைமை. ஆபீஸ்காரர் உள்ளே நுழைந்து, பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பாடம் நடத்தினார். எல்லாம் முடிந்ததும் கோச்சு நுரைக்குள்ளிருந்து, “பார்க்கலாம்” என்றார்.

“பாக்கலாம் பாக்கலாம்னு நீ சொல்லிக்கினே கீறே. கோலு வாங்கறத நாங்கதான சார் பாக்கறோம்?”

கோச்சு சிரித்தார். கத்தி நழுவிக் கன்னத்தில் லேசான கீறல். வெளியே வந்ததும் ஆபீஸ்காரர் என்னிடம் அங்கலாய்த்தார்: “அந்த மன்சனுக்குக் கோச்சிக்கவே தெரியல நைனா. கோச்சிக்காத கோச்சு இன்னா கோச்சு?”

வெள்ளைக்காரன் போன புதிது அது. ஒரு சாயங்காலம் டீக்கடையில் கல்லூரி வாட்ச்மேன் செய்தி கொண்டுவந்தார்.

“இன்னா ஆபீஸ்காரரே, நீ நெனச்சது நடக்கப் போவுது. சனிக்கெழம மேட்ச்சுல தோத்தா உன் கோச்ச தூக்கிடறாங்களாம். அன்னிக்கே ஆபீஸுக்குக் கூப்ட்டு சொல்லிடுவாங்களாம்.”

கடையே அவரைப் பார்த்தது. எத்தனை வருஷத்துக் கோரிக்கை. ஆனால் ஆபீஸ்காரர் டீயைக் குடிக்காமல் அப்படியே பெஞ்சின்மேல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் கப்பலில் ஒரு அதிசயம் நடந்தது. ஒரு கட்டு மூட்டை மேலே போயிற்று. போனது இறங்கவில்லை. நாங்கள் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தோம். சதுர வானத்தின் நடுவில் மூட்டைகள் தூக்கத்தில் மிதப்பதுபோல மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றிலிருந்து ஒன்றிரண்டு கடலைகள் எங்கள்மேல் உதிர்ந்தன. ஓரத்தில் ஆபீஸ்காரரின் கை தூக்கியபடியே இருந்தது. அவர் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

“யோவ், மூட்டைய அங்கியே குடி வைக்கப் போறியா?” என்று மேஸ்திரி கத்திய பிறகுதான் “ஆரியா” வந்தது. அது அவர் குரல் மாதிரியே இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நைனா, அந்தாளு போய்ட்டா சாயங்காலத்துல நான் இன்னா பண்றது?”

“புது கோச்சு வருவாரே அண்ணாத்தே.”

“புதுசா வர்றவன் நம்பள பேச வுடுவானா? வாட்ச்மேன வுட்டு வெளிய தள்ளுவான். இவுரு அல்லாத்தியும் கேட்டுக்கினாரு நைனா. வூட்ல என் பொண்டாட்டிகூட நான் சொல்றத முழுசா கேட்டதில்ல.” சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “நாளன்னிக்கு நான் வாயே தொறக்க மாட்டேன். நான் கத்தினா பசங்க கொழம்பிடுவானுங்க.”

சனிக்கிழமை அவர் வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. மைதானத்தின் மறு கோடியில், கல்லூரி ஆபீஸ் கட்டிடத்தை ஒட்டி ஒரு பூவரச மரம் இருந்தது. அதன் பின்னால் போய் நின்றுகொண்டார். வாய் நிறைய வறுத்த கடலையை அடைத்துக்கொண்டு, துண்டால் வாயைச் சுற்றிக் கட்டியும் கொண்டார். பல்வலிக்காரர் என்று நினைத்து யாரோ கிராம்பு வாங்கித் தருவதாகச் சொன்னார்கள்.

தெற்கேயிருந்து வந்த காலேஜ் பையன்கள் பூட்ஸ் போட்டிருந்தார்கள். எங்கள் பையன்களின் வெறுங்கால்கள் அவர்களுக்கு நடுவே மீன்குஞ்சு போல நெளிந்து நெளிந்து ஓடின. யாரும் கோல் போடவில்லை. வெயில் மஞ்சளாகி, தூசியெல்லாம் பொன்னிறமாக நின்றது. தூரத்துக் கப்பல்கள் கரையோரம் வந்து ஆட்டம் பார்ப்பதுபோல இருந்தன. கோச்சு அடிக்கடி அந்தப் பழைய இடத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

அப்போது எங்கள் பையன் ஒருவனின் காலில் பட்டுப் பந்து எழும்பிற்று. அத்தனை உயரத்துக்கு ஒரு பந்து போய் நான் பார்த்ததில்லை. சூரிய வெளிச்சத்தில் அது உருகி நின்றது. யாரும் சொல்லாததால் அங்கேயே தங்கிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆபீஸ்காரரின் துண்டு விம்மியது.

“ஆ...பீஸ்!”

துண்டும் கடலையும் தெறித்தன. வாய் நிறைந்திருந்ததால் குரல் கனமாக, யாரோ பெரிய அதிகாரியின் குரலைப்போல, ஆபீஸ் கட்டிடத்தின் பக்கத்திலிருந்து வந்தது. கோச்சு திரும்பினார். காலையிலிருந்து அவர் பயந்துகொண்டிருந்த அழைப்பு அதுதான். கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். கோட்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு, ஆட்டம் முடியும் முன்பே, குனிந்த தலையோடு ஆபீஸை நோக்கி நடந்தார்.

ஆபீஸ்காரர் ஓடிப்போய் ஆபீஸ் படியில் அவரை மறித்தார். பின்னாலேயே நானும் ஓடினேன்.

“எங்க சார் போறே?”

“ஆபீஸுக்குக் கூப்பிட்டாங்களே.”

“ஆர் கூப்ட்டாங்க? நான்தான் சார் கத்தினேன். அது கப்பல் ஆபீஸு. ஆபீஸுன்னா தூக்கு.”

கோச்சின் முகம் இன்னும் வாடியது. “தெரியும். தூக்கத்தானே கூப்பிடுறாங்க.”

“உன்ன இல்ல சார். பந்த. பந்த தூக்க சொன்னேன்.”

கோச்சு கையிலிருந்த கோட்டைப் படியில் இறக்கி வைத்தார். “அப்போ இத்தனை வருஷமா ஆபீஸ் ஆபீஸ்னு நீங்க கத்தினது, ஆபீஸ்ல போய் என்மேல புகார் சொல்லப் போறேன்னு இல்லையா?”

ஆபீஸ்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். “அப்டியா நெனச்சிக்கினே? அப்புறம் ஏன் சார் என்னிய உள்ள வுட்டே?”

“பிராக்டிஸ் பார்க்கத் தினமும் வர்ற ஆள் நீங்க ஒருத்தர்தானே.”

அந்த நேரத்தில்தான் மைதானம் அதிர்ந்தது. அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைதானத்தைப் பார்த்து நின்றவன் நான் ஒருவன்தான். இருவரும் என் சட்டையைப் பிடித்தார்கள்.

“ஆரு போட்டது?”

“நம்ப காலேஜு” என்றேன்.

இருவரும் மூச்சு விட்டார்கள். உடனே இருவர் வாயிலிருந்தும் ஒரே கேள்வி வந்தது. “தரையிலா, மேலயா?”

என் வாழ்க்கையில் இரண்டு பெரிய மனிதர்கள் என் பேச்சுக்காகக் காத்திருந்தது அன்று மட்டும்தான். கண்டதைச் சொன்னேன். பந்து காலுக்குக் காலாக உருண்டு போயிற்று. கோலுக்கு முன்னால் ஒரு புல் மேட்டில் இடறி எழும்பிற்று. கோல்கீப்பரின் தலைக்கு மேல் போய், பின்னால் மெல்ல இறங்கியது.

“உருண்டுதானே போச்சு” என்றார் கோச்சு.

“தூக்கி எறக்கினதாலதான சார் கோலு” என்றார் ஆபீஸ்காரர்.

நாற்காலியில் கிடந்த விசிலைக் கோச்சு எடுத்துக் கழுத்தில் போட்ட பிறகும் அந்தச் சண்டை முடியவில்லை. அந்த ஒரு கோலிலேயே ஜெயித்துவிட்டதால் கோச்சைத் தூக்கவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் பழைய இடத்திலிருந்து, “இந்த கோச்ச மாத்துங்கடா” என்ற குரல் கேட்டது. கோச்சு தம் நாற்காலியை நன்றாகக் கேட்கும்படி அந்தப் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

இப்போது இருவரும் இல்லை. கடற்கரைப் பக்கம் பையன்கள் பந்து உதைப்பதை நான் சில நாள் நின்று பார்ப்பதுண்டு. பந்து உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கும். சுற்றிலும் ஒரு முறை பார்த்துவிட்டு, யாருக்கும் கேட்காமல், “ஆரியா அண்ணாத்தே” என்று வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன். அப்புறம்தான் அது இறங்குகிறது.