கண்ணை மூடிக்கொண்டு மடி கொடுத்தவன்

டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்துவிட்டால், அதற்குப்பின் உங்கள் மடி உங்களுடையது அல்ல. நிற்பவர்களின் டிபன் பை, ஸ்கூல் பை, பலாப்பழம் எல்லாவற்றுக்கும் அது பொதுச்சொத்து. ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குத் தினமும் வேலைக்குப் போய்வந்த நான் இந்த வழக்கத்தை மனதார வெறுத்தேன். (இஸ்திரி போட்ட பேண்ட்டின் மேல் ஒருத்தர் கருவாட்டுப் பையை வைத்தால் உங்களுக்கும் தெரியும்.)

அதற்கு நான் கண்டுபிடித்த வழி, தூக்கம். உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வேன். வாய் லேசாகத் திறந்திருக்கும், தலை ஜன்னல் கம்பியில் முட்டி முட்டி எழும். திங்கள் முதல் வெள்ளி வரை இதே நடிப்புதான். அப்படியும் விடாமல் யாராவது தோளைத் தட்டினால், கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொள்வேன். கண்ணைத் திறந்தால் அடுத்த பையும் வந்துவிடும் என்பது என் அனுபவம்.

அந்த வியாழக்கிழமையும் தட்டினார்கள். சார், கொஞ்சம் பிடிச்சுக்கங்க என்றது ஒரு பெண்குரல். வாங்கினேன். கனமாக, கதகதப்பாக இருந்தது. பவுடர் வாசம் வேறு. ஏதோ துணிமூட்டை என்று கணக்குப் போட்டு, உள்ளுக்குள் திட்டிவிட்டு, தூக்கத்தைத் தொடர்ந்தேன்.

சில நிறுத்தங்கள் தாண்டியிருக்கும். மூட்டை என் மீசையைப் பிடித்து இழுத்தது.

கண்ணைத் திறந்தேன். கைக்குழந்தை! கன்னத்தில் பெரிய திருஷ்டிப்பொட்டு, இடுப்பில் வெள்ளி அரைஞாண், வாயெல்லாம் எச்சில். ரொம்ப நாள் பழகியவனைப்போல என்னைப் பார்த்தது.

யாருடைய பிள்ளை என்று கேட்டேன். மறுபடியும் சத்தமாகக் கேட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நடந்தது பிறகுதான் தெரிந்தது. பிள்ளையின் தாய் முன்வாசலில் நின்ற ஒரு பெண்ணிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, அந்தக் கூட்டத்தில் ஏற முடியாமல் பின்வாசலுக்கு ஓடியிருக்கிறாள். எட்டிப் பிடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. முன்னால் நின்றவர்கள் அவள் பின்னால் ஏறிவிட்டாள் என்று நினைத்துவிட்டார்கள். அவர்களும், பிள்ளையை என்னிடம் நீட்டிய அந்தப் பெண்ணும் இதற்குள் இறங்கிப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த சாட்சி நான் ஒருவன்தான்.

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "எந்த ஸ்டாப்புல வாங்குனீங்க?"

"தெரியலைங்க. தூங்கிட்டேன்."

"தூங்கிக்கிட்டே பச்சப்புள்ளைய வாங்குனீங்களா?"

என் மானம் கப்பலேறியது. (ஆலங்குடியில் ஏது கடல்? மீமிசல் வரை போய் ஏறியது.) பெத்தவளே வேண்டுமென்று விட்டுவிட்டுப் போயிருப்பாளோ என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். பிள்ளை என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

விசில் ஊதி, ஒரு புளியமரத்தடியில் பஸ்ஸை நிறுத்திவிட்டார் கண்டக்டர். அதன்பிறகு பார்த்ததுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். ஆபீசுக்குப் போகிறவர்கள், பரீட்சைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று நிறைந்திருந்த காலை நேரத்துப் பஸ் அது. நேரமாகிறது என்று ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. கல்லூரிப் பெண் ஒருத்தி ஜன்னல் வழியே பிள்ளைமேல் விழுந்த வெயிலைத் துப்பட்டாவால் மறைத்தாள். என் பேண்ட்டை நாசமாக்கிய அதே கருவாட்டுக்காரர் சாவிக்கொத்தை ஆட்டி விளையாட்டுக் காட்டினார். வேறு யார் தூக்கினாலும் பிள்ளை வீறிட்டது. என்னிடம் மட்டும் சமர்த்தாக இருந்தது. இந்த லட்சணத்தில் இருக்கிற ஒருவனிடம் எதை நம்பி ஒட்டிக்கொண்டது?

கடைசியில், முன்பின் தெரியாத ஒரு பால்காரரின் மொபெட்டில் அந்தத் தாய் வந்து இறங்கினாள். காலில் செருப்பில்லை. அறை வாங்கத் தயாராகி, பிள்ளையை நீட்டினேன். வாங்கி, தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உசுரே போயிருச்சுங்க சார். அப்புறம், பஸ்ஸு நெறைய ஆளு இருக்காங்க, யாராச்சும் மடியில வச்சிருப்பாங்கன்னு மனசத் தேத்திக்கிட்டு வந்தேன்."

பஸ் கிளம்பியது. பக்கத்தில் ஒருவர் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார். இன்னொருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஒரு கையால் மூடியைத் திறக்க அவளால் முடியவில்லை. கொஞ்சமும் யோசிக்காமல் பிள்ளையைத் திரும்பவும் என் மடியில் வைத்துவிட்டு, தண்ணீரைக் குடித்தாள். இமைக்கக்கூடப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் சேதி என் வீட்டுக்குப் போய்விட்டது. என் மனைவி அப்போது மாசமாக இருந்தாள். சாயங்காலம் முழுக்க என் முகத்தையும் தன் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாளே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை.

சொல்ல வேண்டியதை மகள் பிறந்த அன்றைக்கென்று வைத்திருந்திருக்கிறாள். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். கையை நீட்டினேன். கட்டிலில் கிடந்தவள் அந்த வலியிலும் தலையைத் தூக்கினாள்.

"இருங்க சிஸ்டர். அவரு கண்ணு தொறந்திருக்கான்னு பாத்துட்டுக் குடுங்க."

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். எனக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பதென்றால்கூட, விரலால் என் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறாள்.