காலி டிரம்களும் ஒரு தண்ணீர்ப் பந்தலும்

ஒரு காட்டில், ஓடை வறண்ட பக்கமாக, சடையன் என்ற முள்ளம்பன்றி சாயப்பட்டறை வைத்திருந்தது. நல்ல வியாபாரம். தேர்தல் நேரத்தில் பச்சோந்திகள்கூட அதனிடம்தான் வந்தன.

ரசாயனம் தீர்ந்த நீல டிரம்கள் கொல்லையில் குவிந்தன. மற்ற பட்டறைக்காரர்கள் அவற்றைப் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிடுவார்கள். கடைக்காரன் ஒரு வாளி தண்ணீர் விட்டு அலசி, குடிதண்ணீர் பிடித்துவைக்க வீடுகளுக்கு விற்பான். சடையனின் மச்சான் அப்படி ஒன்றை வாங்கினான். வீட்டோடு வாந்தி. அதன்பிறகு சடையன் ஒரு டிரம்மையும் வெளியே விடவில்லை.

மாசுத் தடுப்பு அதிகாரியான கீரி சோதனைக்கு வந்தது.

"என்னய்யா இது?"

"காலி டிரம்முங்க சார்."

"காலி டிரம்முன்னா அபாயக் கழிவு. இங்க குவிச்சு வெக்கக் கூடாது. திங்கக்கிழமை வருவேன். இருந்தா பட்டறைக்கு சீல்."

"யாருக்குங்க குடுக்கறது?"

"அனுமதி வாங்கின ஆளுக்கு."

"நம்ம காட்டுல யாருங்க?"

"நம்ம காட்டுல யாரும் இல்ல."

"கழுவி வெச்சுரட்டுங்களா?"

"கழுவு. ஆனா கழுவின தண்ணியும் அபாயக் கழிவு. கீழ விடாம டிரம்முல புடிச்சு வை."

"அந்த டிரம்மு காலியாச்சுன்னாங்க?"

கீரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது. "நீ ரொம்பப் பேசற."

சீல் விழுந்தால் சடையன் வீட்டில் அடுப்பு எரியாது. கெஞ்சிக்கொண்டே வாசல்வரை பின்னால் போனது. கீரிக்கு இரக்கம் வந்தது. வெயிலாகவும் இருக்கலாம்.

"இத பாரு சடையா. காலியா இருந்தாத்தான் கழிவு. தண்ணிய ரொப்பிட்டா தண்ணித் தொட்டி. அது என் டிபார்ட்மெண்டே இல்ல."

சடையன் எல்லா டிரம்களிலும் தண்ணீர் ரொப்பியது.

திங்கட்கிழமை கீரி யானை எம்.எல்.ஏ.வையும் கூட்டிக்கொண்டு வந்தது. கோடைக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல் திறக்க எம்.எல்.ஏ. இடம் தேடிக்கொண்டிருந்ததாம். கூட வந்த ஆட்கள் கீற்றுக் கொட்டகை போட்டு, டிரம்களுக்கு மாலை போட்டார்கள். பேனரில் யானை முழு நீளத்துக்குக் கும்பிட்டது.

"ஐயா, இது குடிக்கறதுக்கு இல்லீங்க," என்றது சடையன்.

"பின்ன எதுக்குய்யா ரொப்புன?" என்றது யானை.

கீரி சடையனின் காதருகே குனிந்தது. "வாயைத் தொறந்த, காலி டிரம் கேஸு."

சடையன் டிரம்களின் பக்கமாக ஒதுங்கி நின்றது.

யானை ரிப்பன் வெட்டிப் பேசியது. தொண்டை வறண்டதும் உதவியாளர் பாட்டில் தண்ணீரை நீட்டினார். டிரம் தண்ணீருக்கு வரிசை காத்திருந்தது. முதலில் நின்ற மான்குட்டிக்கு டம்ளரை நிறைத்துக் கொடுத்தார்கள்.

"டம்ளரை மேல தூக்கு கண்ணு. சிரி," என்றது போட்டோக்காரக் காக்கை.

குட்டி சிரித்தது. டம்ளர் வாய்க்குப் போனது.

சடையன் சட்டென்று முட்களைச் சிலிர்த்து, முதுகைத் திருப்பிப் பின்பக்கமாகவே ஓடியது. டம்ளர் எகிறியது. டிரம் டிரம்மாகப் போய் மோதியது. ஒவ்வொன்றிலும் வரிசையாக ஓட்டை. ஊதா நுரையோடு தண்ணீர் ஓடி எம்.எல்.ஏ.வின் வேட்டிக் கரையை நனைத்தது.

குட்டி வீறிட்டு அழுதது. "கொழந்தை ஒரு வாய் தண்ணி குடிக்கப் பொறுக்கலியே உனக்கு!" என்று தாய்மான் மண்ணை வாரித் தூற்றியது.

கீரி ஒரு டிரம்முக்குள் எட்டிப் பார்த்தது. "காலி," என்றது.

"யாரும் திருப்பிப் புழங்காம ஓட்டை போடச் சொல்லித்தானுங்களே சட்டம்?"

"அது காலி டிரம்முக்கு. நீ போட்டது குடிதண்ணித் தொட்டியில. அது ஒரு கேஸு. இப்பக் காலி டிரம் ஆயிருச்சு. அது ரெண்டாவது கேஸு. கீழ ஓடுது பாரு, அது மூணாவது."

பட்டறைக்கு அன்றே சீல் விழுந்தது.

நீதி: அபாயக் கழிவை முறைப்படி அகற்ற உகந்த இடம் பொதுமக்களின் வயிறு. தரையில் கொட்டுவது குற்றம்.