தோற்கத் தெரியாத பந்து

“மறுபடியும் சொல்றேன், தோத்துட்டு வாங்க,” என்றாள் பொன்னுத்தாய், ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

அவள் புருஷன் கிளார்க் அழகிரியை ராமநாதபுரத்துக்கு மாற்றும் உத்தரவு, பெரிய எஞ்சினீயர் சபாபதியின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. காவேரித் தண்ணீரில் வளர்ந்த மனுஷன் தண்ணியில்லாக் காட்டுக்குப் போய் என்ன செய்வான்? இந்த நேரம் பார்த்து, சித்திரை வீதியில் அழகிரி கேரம் புலி என்று கேள்விப்பட்டு, பில்லியர்ட்ஸ் ஆட வரச் சொல்லிவிட்டார் அவர்.

கண்டோன்மெண்ட் கிளப்பில் பச்சைத் துணி போர்த்திய மேஜை. சபாபதி தன் வெள்ளைப் பந்தைக் கோலால் தட்டினார். அது சிவப்புப் பந்தில் மோதி, ஒரு கணம் நின்று, யாரோ கூப்பிட்ட மாதிரி அவரிடமே திரும்பி வந்தது.

“ரங்கா!” அழகிரிக்கு உடம்பு சிலிர்த்தது.

“அடியில தட்டினா பின்பக்கமாச் சுத்திக்கிட்டே போகும். மோதி நின்னாலும் சுத்தல் நிக்காது. துணியோட உராய்வு பிடிச்சு இழுத்துட்டு வந்துடும். அடிங்க.”

அழகிரி சிவப்பை விட்டு விலகி அடித்தான். கோல் பந்தின் ஓரத்தில் பட்டுத் தொலைத்தது. பந்து பம்பரமாய்ச் சுழன்று போய், விளிம்பில் மோதி, நினைக்காத பக்கம் திரும்பி, சிவப்பைப் பொந்தில் தள்ளியது.

“மூணு,” என்றார் புள்ளி சொல்லும் மார்க்கர் ஹபீபுல்லா.

அடுத்து, வலுவே இல்லாமல் தட்டினான். சிவப்பு துணியில் தேய்ந்து தேய்ந்து ஊர்ந்து, பொந்து வாயில் நின்று யோசித்து, விழுந்தது.

“மறுபடியும் மூணு.”

அழகிரிக்கு வேர்த்துக் கொட்டியது. கேரத்தில் அடிக்கிற காயே குழிக்குள் போனால் அபராதம். அந்த நம்பிக்கையில், சிவப்பில் மோதிவிட்டுத் தன் பந்தே உள்ளே விழும்படி அடித்தான். அழகாக விழுந்தது. அப்பாடா!

“அதுக்கும் மூணு. இந்த ஆட்டத்துல அப்படி விழுந்தாலும் புள்ளிதாங்க.”

அட பாவமே! போதாக்குறைக்கு, அவ்வளவு பெரிய ஆட்டக்காரரான சபாபதிக்கு அன்று ஒன்றுமே விழவில்லை. எல்லாம் நூலிழையில் தவறின. கடைசியில் அழகிரி கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். திறந்து பார்த்தால், பந்து சிவப்பைத் தொட்டு, வளைந்து, மூன்று விளிம்பில் மோதிச் சுற்றி வந்து, எதிராளியின் வெள்ளையையும் முத்தமிட்டது. பயம்கூட மறந்துபோய் நின்றான் அழகிரி. உயிரில்லாத உருண்டைக்குள் இத்தனை அழகா, இத்தனை பிடிவாதமா!

“ரெண்டு பந்தையும் தொட்டா அதுக்கும் புள்ளிதாங்க. ஆட்டம் உங்களுது,” என்றார் ஹபீபுல்லா.

சபாபதி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். “நாளைக்குக் காலையில முதல் வேலையா என்னை வந்து பாருங்க!” என்று விடுவிடுவென்று காருக்குப் போய்விட்டார்.

அழகிரி தொப்பென்று நாற்காலியில் விழுந்தான். “போச்சு பாய், ராமநாதபுரம்தான்! பிள்ளை முகத்தைக்கூடப் பாக்க மாட்டேன்.”

“அட, உங்களை ஊரை விட்டு அனுப்புவாரா? ஞாயித்துக்கிழமை மெட்ராஸ்லேருந்து அவரோட மேலதிகாரி ஆட வர்றாரு. அவர்கிட்டச் சந்தேகம் வராமத் தோக்கணும்னு ஐயா ஒரு வாரமாப் பழகுறாரு. ஆபீஸ்ல அத்தனை பேரும் வந்து தோத்துட்டுப் போனாங்க. உங்க ஒருத்தர்கிட்டதாங்க அவரால தோக்க முடிஞ்சுது!”