அர்ச்சனைக்கு ஒரு பாஸ்வேர்டு

உப்பளம் என்ற ஊரில் அன்றைக்கு இடுப்பில் குழந்தை வைத்திருந்தவர்களைவிடக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள்தான் அதிகம். மண்டப வாசலில் தொடங்கிய வரிசை தெருமுனையையும் தாண்டியிருந்தது. உள்ளே 'கணினிச் சித்தர்' அம்மாவாசை சாமிகள்! திரையில் குதிக்கும் ஆபாச விளம்பரம், சூதாட்டத் தளம் எல்லாவற்றையும் செப்புத் தகட்டால் கட்டிப்போடுகிறாராம். பேயை வேப்ப மரத்தில் கட்டிய காலம் போய்விட்டது. நாடு முன்னேறுகிறது அல்லவா?

வரிசையில் மாமனார் இராமதாசோடு கலைவாணி நின்றாள். வீட்டிலிருந்தே ஆன்லைனில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள். போன வாரம் பாடத்தின் நடுவில், திரையின் ஓரத்தில் அரைகுறை ஆடையில் ஒருத்தி தோன்றிக் கண்ணடித்தாள். பிள்ளைகளின் பெற்றோர் போனில் கிழித்துவிட்டார்கள். இராமதாஸ் சாமியிடம் ஓடினார். "வீட்டுக்கு வந்த பொண்ணோட பார்வை தோஷம்" என்றார் சாமி. தோஷம் தீராவிட்டால் கம்ப்யூட்டர் பரணுக்குப் போகும், டியூஷனும் நின்றுவிடும் என்பது மாமனாரின் தீர்ப்பு. அவளுக்கு அழுகை வந்தது. ஆத்திரம் அதைவிட அதிகமாக வந்தது.

மேடையில் சாமி முழங்கினார். "பொட்டிய நான் ஆன் பண்ண மாட்டேன்! தெரைக்குப் பின்னால கற்பூரம், மந்திரம், அவ்ளோதான்!"

சீட்டு எழுதும் தேவதாஸ் கேட்டான்.

"பேரு? நட்சத்திரம்? பாஸ்வேர்டு?"

"பாஸ்வேர்டு எதுக்குங்க?"

"அர்ச்சனைக்கும்மா. ஆத்தா காதுல மட்டும்தான் சாமி சொல்லுவாரு."

"கலைவாணி, சுவாதி, கத்திரிக்கா ஒண்ணு ரெண்டு மூணு" என்றாள் அவள், சிரிக்காமல். அவள் பாஸ்வேர்டில் கத்திரிக்காயும் இல்லை, அதன் காம்பும் இல்லை.

கம்ப்யூட்டர் பெட்டி திரைச்சீலைக்குள் போனது. மந்திரம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. மறுபடி நின்றது. கடைசியில் சாமியின் தலை எட்டிப் பார்த்தது.

"ஏம்மா, மொத எழுத்து பெருசா, சின்னதா?"

"ஆத்தாவுக்கு எதுவா இருந்தா என்ன சாமி? ஆன் பண்ணாத பொட்டில எங்க அடிச்சுப் பாத்தீங்க?"

கலைவாணி திரைச்சீலையை இழுத்து விலக்கினாள். உள்ளே மானிட்டர், கீபோர்டு, இன்டர்நெட் இணைப்பு. 'பாஸ்வேர்டு தவறு' என்று எந்திரம் மட்டும் உண்மை பேசிக்கொண்டிருந்தது. கற்பூரத்தை இன்னும் கொளுத்தவே இல்லை.

அவளே உட்கார்ந்து சரியான பாஸ்வேர்டைப் போட்டாள். அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலைத் திறந்தாள். நாற்பத்தேழு! இலவச ஜாதகம், இன்றைய ராசிபலன், புதையல் யோகம்... கண்ணடித்தவளை அனுப்பியவை இவைதான்.

இராமதாஸ் நெளிந்தார். "ராசிபலன் பாக்குறப்ப, அனுமதிக்கலாமான்னு கேட்டுச்சும்மா. வீடு தேடி வந்து மரியாதையா கேக்குறப்ப முடியாதுன்னு எப்பிடிச் சொல்றது?"

ஒவ்வொன்றாக நீக்கினாள். இலவசமாகக் கிடைக்கும் விளம்பரத் தடுப்பான் ஒன்றையும் போட்டாள். ஐந்தே நிமிஷம்.

"இதத்தான் இவரு உள்ள உக்காந்து பண்ணிட்டு, மேல தகட்ட ஒட்டி அனுப்புறாரு. இப்ப சொல்லுங்க மாமா, யாரு பார்வைல தோஷம்?"

"என் பார்வைலதாம்மா" என்றார் அவர், எல்லார் முன்னாலும்.

பின்வாசலில் நழுவிய சாமியைக் கூட்டம் பிடித்தது. அவர் மடியில் இருந்த நோட்டில் முந்நூறு வீட்டுப் பாஸ்வேர்டுகள். பீரோ சாவியைப் பெற்ற பிள்ளையிடமே கொடுக்காத ஜனம், பட்டை போட்டவன் கேட்டதும் நட்சத்திரத்தோடு சேர்த்து நீட்டியிருக்கிறது! கம்ப்யூட்டருக்குள் கண்டவனும் நுழையாமல் தடுக்க ஆயிரம் வழி உண்டு, ஐயா. தலைக்குள் நுழையாமல் தடுக்க, அந்தத் தலையைப் பயன்படுத்துவது ஒன்றுதான் வழி.