ஹாமர்ஸ் அணிக்கு எங்கள் வீட்டில் சாவு

இனி இந்த ஜென்மத்தில் கால்பந்தைப் பார்ப்பதில்லை என்று சபதம் செய்தேன். கால்பந்தை மட்டுமல்ல, உருண்டையாக இருக்கும் எதையும். தக்காளியைக்கூட நறுக்கிய பிறகுதான் என் கண்ணில் காட்ட வேண்டும் என்று மனைவி எனெலெஸிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

"காலையில கண்ணாடி பாப்பீங்களே, அதுல உங்க தலை தெரியுமே, அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்றாள்.

அவளுக்கென்ன, பேசுவாள். மைதானத்தில் வெயிலில் நின்றவன் நான். கோப்பை அரையிறுதி, முதல் ஆட்டம், எங்கள் சொந்த மண்ணில். எங்கள் சிலோமோனி ஹாமர்ஸ் பூஜ்யம், லிலோங்வே ராக்கெட்ஸ் ஏழு. நான் அவித்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது முதல் கோல் விழுந்தது. பொட்டலம் தீருவதற்குள் நாலு ஆகிவிட்டது. ஐந்தாவதை எங்கள் ஆளே எங்கள் வலைக்குள் அடித்தான். அன்றைக்கு அவன் நேராக உதைத்த ஒரே உதை அதுதான். ஏழாவதை அடித்தது அவர்களுடைய கோல்கீப்பர். பாவம், அவனுக்கு அங்கே வேலையே இல்லை, பொழுது போகாமல் நடந்து வந்து அடித்துவிட்டுப் போனான். நாங்கள் எல்லோரும் நீலச் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு வீடு திரும்பினோம். அப்படியும் மினிபஸ் கண்டக்டர் கண்டுபிடித்து, ஏழு பேர் ஏறினால் போதும் என்று கத்தினான்.

மறுநாள் ஞாயிறு. தேநீர் வரும் என்று காத்திருந்தேன். மண்வெட்டி வந்தது.

நவம்பர் மாதம். மிச்சிரு மலைமேல் மேகம் இறங்கத் தொடங்கிவிட்டது. மலையடிவாரத்தில் எல்லாருடைய நிலத்திலும் மண்ணை வெட்டி வரிசை வரிசையாகப் பார் பிடித்தாயிற்று. மழை விழுந்தால் சோளம் ஊன்ற வேண்டியதுதான் பாக்கி. எங்கள் நிலத்தில் மட்டும் போன வருஷத்துச் சோளத்தட்டை அப்படியே நின்றது. அதற்குக் காரணம் சனிக்கிழமைதோறும் நடந்த கால்பந்து என்பது எனெலெஸின் கட்சி.

"யாங்கோ அப்பா, நீங்கதான் பந்தை விட்டாச்சே. இனிமே சனி ஞாயிறு ரெண்டும் சும்மாதானே இருப்பீங்க" என்று காம்பை என் கையில் திணித்தாள். யாங்கோ எங்கள் மகள். பள்ளி விடுதியில் இருந்ததால் இந்தக் கூத்திலிருந்து தப்பித்தாள். சபதம் போட்ட எனக்குத்தான் தப்பிக்க வழியில்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு லிகோஸ்வே வந்தான். ஹாமர்ஸுக்காகத் தொண்டை கிழியக் கத்துவதில் எனக்கு அடுத்தவன். வந்தவன் வாசல் கல்லில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டான். அவன் வீட்டிலும் மண்வெட்டி எடுத்தாகிவிட்டது போலும்.

"யாராவது பாத்தா இது சாவு வீடுன்னு நெனைப்பாங்கடா, கையை எடு" என்றேன்.

சொன்ன மாத்திரத்தில் என் மூளையில் பளிச்சென்று விளக்கு எரிந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை அந்த வட்டாரத்தில் ஒருவரும் மண்வெட்டியைத் தொடக் கூடாது. தொட்டால் ஊர் சும்மா விடாது. ஊர்த்தலைவர் வீட்டு மண்வெட்டிகூடப் படுத்துத் தூங்கும்.

உள்ளே போய் எனெலெஸிடம் தலையைக் குனிந்துகொண்டு, நம் வீட்டில் துக்கம் நேர்ந்துவிட்டது என்றேன்.

"யாருக்கு?"

"ஹாமர்ஸுக்கு."

"அடக்கம் எப்ப?"

"வர்ற சனிக்கிழமை. லிலோங்வேல ரெண்டாவது மேட்ச் இருக்கு. அது முடிஞ்சதும்."

சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பதினாலு வருஷம் குடும்பம் நடத்தியவன், அவள் சண்டைக்கு வராதபோதுதான் பயப்பட வேண்டும் என்று கற்றிருக்க வேண்டாமா?

"சரி. சாவுன்னா சாவுதான். ஆனா எல்லாம் முறையா நடக்கணும். அரைகுறையாச் செஞ்சா நாலு பேர் நம்மளத்தான் பேசுவாங்க" என்றாள்.

ஒரு மணி நேரத்தில் சோபா வெளியே வந்தது. மேசை வெளியே வந்தது. முன்னறை முழுக்கப் பாய் விரித்தாயிற்று. டிவி மட்டும் அங்கேயே நின்றது, கரண்ட் பிளக் அந்த ஒரு மூலையில்தான் இருக்கிறது. இடுப்பில் சிடெஞ்சேத் துணி கட்டிய பெண்கள் தலையில் சோளமாவுப் பாத்திரத்தோடு வந்து உள்ளே காலை நீட்டி உட்கார்ந்தார்கள். சாவு வீட்டில் பெண்கள் உள்ளே, ஆண்கள் வெளியே. அதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசலில் கட்டையைப் போட்டுத் தீ மூட்டி, நானும் லிகோஸ்வேயும் உட்கார்ந்தோம். செய்தி பரவி, சாயங்காலத்துக்குள் இன்னும் ஏழு பேர் வந்து சேர்ந்தார்கள். எல்லாருமே தங்கள் வீட்டில் இதே துக்கத்தைச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்கள். ஆகமொத்தம் ஒன்பது ஆண்கள், ஒன்பது மண்வெட்டிகளுக்கு விடுமுறை.

அந்த வாரம் மாதிரி ஒரு வாரம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. தேயிலைக் கிடங்கில் எடை போட்டுவிட்டு வருவேன், தீயருகில் உட்காருவேன், ன்சிமாக் களியும் அவரையும் பெரிய தட்டில் தானாக வரும். எல்லாரும் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவோம். தெருவில் போகிறவர்கள் தொப்பியைக் கழற்றித் துக்கம் விசாரித்தார்கள்.

"எப்பப் போச்சு?" என்று கேட்டார் தையற்கடைக்காரர்.

"பன்னெண்டாவது நிமிஷம்" என்றேன்.

"ரொம்ப நாளா முடியாம இருந்துச்சோ?"

"பின்வரிசை ரெண்டு வருஷமா சரியில்ல. நாங்கதான் கவனிக்காம விட்டுட்டோம்."

அவர் ரொம்ப வருத்தப்பட்டார். சோளமாவில் காய்ச்சிய தோப்வா பானம் ஒரு கோப்பை குடித்துவிட்டுத்தான் போனார்.

வியாழக்கிழமைதான் வினை ஆரம்பித்தது. லிகோஸ்வே தீயைக் கிளறிக்கொண்டே, இரண்டு ஆட்டத்து கோலையும் கூட்டித்தானே கணக்கு, எட்டு கோல் அடித்தால் இன்னும் நாம்தான் இறுதிக்குப் போவோம் என்றான். நான் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒரு கோலுக்கு வழியில்லை, எட்டாம். வெள்ளிக்கிழமை, ராக்கெட்ஸ்காரர்கள் திமிரில் பெரிய ஆட்களையெல்லாம் உட்கார வைத்துவிட்டுப் பொடியன்களை இறக்கப்போகிறார்கள் என்று ஒருவன் செய்தி கொண்டுவந்தான். தொண்ணூறு நிமிடத்தை எட்டால் வகுத்தேன். பதினொன்றேகால் நிமிடத்துக்கு ஒன்று. யோசித்துப் பார்த்தால் அவசரமே இல்லை, சாவகாசமாக அடிக்கலாம். வாசலில் ஒன்பது பேரும் எட்டு எட்டு என்று எட்டு ஊருக்குக் கேட்கும்படி பேசினோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த ஆட்டத்தைப் பார்த்தே ஆக வேண்டும். பார்க்காவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு நான் வீட்டுக்குள் போனேன். போகப் பார்த்தேன் என்பதுதான் சரி. எனெலெஸ் கதவில் நின்றாள்.

"எங்க போறீங்க?"

"ரெண்டு மணிக்கு மேட்ச். டிவி பாக்கணும்."

"நீங்கதான் இந்த ஜென்மத்துல பந்து பாக்க மாட்டேன்னீங்களே."

"நான் பாக்கப் போறது மேட்ச் இல்ல, அடக்கம்."

"அடக்கத்தை ஆம்பளைங்க வெளியில இருந்துதான் பாப்பாங்க. உள்ள பொம்பளைங்க உக்காந்திருக்கோம். எங்கம்மா வேற காலையில முலாஞ்சே பஸ்ஸுல வந்திருக்காங்க, துக்கத்துக்கு."

என் கால் தானாகப் பின்னே வந்துவிட்டது. மாமியார் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் மருமகன் கால் வைப்பதா? எங்கள் பக்கத்தில் மாமியார் எதிரே வந்தால் மருமகன் பாதையை விட்டு இறங்கிப் புதருக்குள் நிற்பான். நானே முள்ளில் நின்றிருக்கிறேன்.

"எனெலெஸ், இது சும்மா விளையாட்டுக்குச் சொன்னது. நெஜச் சாவா இது?" என்று குரலைத் தாழ்த்திக் கெஞ்சினேன்.

"அதைத்தான் நானும் கேக்கறேன். சாவுன்னா போய்த் தீயண்ட உக்காருங்க. சாவு இல்லன்னா மண்வெட்டி கதவுக்குப் பின்னாடிதான் இருக்கு. எதுன்னு நீங்களே சொல்லுங்க, நான் மறுப்பு சொல்ல மாட்டேன்."

நான் தீயருகில் போய் உட்கார்ந்தேன். பஸ் நிறுத்தத்து மதுக்கடையில் டிவி உண்டு. ஆனால் துக்கத்துக்குச் சொந்தக்காரன் அடக்க நாளில் வாசலை விட்டு நகர முடியுமா? மற்ற எட்டுப் பேர் போகலாமே என்றால், எட்டுப் பேருடைய மனைவிகளும் என் வீட்டு ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோவோ மேசையோடு சேர்ந்து தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. சாவு வாசலில் ரேடியோ பாடினால் நன்றாகவா இருக்கும்?

ரெண்டு மணிக்கு எனெலெஸ் தலையை மட்டும் நீட்டினாள்.

"யாங்கோ அப்பா, நம்ம ஆளுங்க சட்டை என்ன நெறம்?"

"நீலம்."

"சரி" என்று கதவைச் சாத்தினாள். ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டாள். சத்தத்தையாவது கூட்டி வை என்று கத்தினேன். அம்மா இருக்கிறாள், சத்தம் போடாதீர்கள் என்று உள்ளிருந்து பதில் வந்தது.

ஒன்பது ஆண்பிள்ளைகள் ஒரு மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இருபது நிமிடம் கழித்து உள்ளே குலவைச் சத்தம் கேட்டது.

லிகோஸ்வே என் தொடையைப் பிடித்துக் கிள்ளினான். நமக்கா, அவர்களுக்கா என்றான். சட்டை நிறம் கேட்டுக்கொண்டு போனாளே, நமக்காகத்தானிருக்கும் என்றேன். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது குலவை. இடைவேளைக்குள் நாலு. லிகோஸ்வே சுவரில் காதை வைத்தான், நான் அவன் முதுகில் காதை வைத்தேன். ஐந்து. ஆறு. ஏழாவது குலவை வந்தபோது, கடனுக்காக ஒரு வருஷம் பேசாமலிருந்த இரண்டு பேர் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. மூன்றரை ஆயிற்று. மூன்று நாற்பது. கும்பிடாத தெய்வத்தையெல்லாம் கும்பிட்டேன். மூன்று நாற்பத்து மூன்றுக்கு வீடே இடிந்துவிழும்படி எட்டாவது குலவை.

அவ்வளவுதான். நான் சட்டையைக் கழற்றிச் சுழற்றினேன். தீயைத் தாண்டித் தாண்டிக் குதித்தேன். செத்தது எழுந்துவிட்டது, ஹாமர்ஸுக்கு உயிர் வந்துவிட்டது என்று தெருவையே கூட்டினேன்.

கதவு திறந்தது. எனெலெஸ் வந்தாள்.

"உயிர் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"நல்லாத் தெரியுமா? இத்தனை பேர் முன்னாடி சொல்றீங்க."

"சத்தியமா வந்துடுச்சு" என்று நெஞ்சில் அடித்துச் சொன்னேன். எட்டுப் பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

"அப்ப துக்கம் முடிஞ்சுது" என்று மண்வெட்டியை என் கையில் கொடுத்தாள். அவள் பின்னால் எட்டுப் பெண்கள், எட்டு மண்வெட்டி.

எனக்கிருந்த சந்தோஷத்தில் மலையையே வெட்டியிருப்பேன். கோல் எப்படி விழுந்தது என்று கேட்டேன். எட்டையும் சொல்லி முடிக்க நேரமாகும், மழை காத்திருக்காது, முதலில் நிலத்துக்கு நடங்கள் என்றாள். நியாயமாகப் பட்டது. ஒன்பது பேரும் பாடிக்கொண்டே போனோம். துக்கத்துக்குச் சொந்தக்காரனுடைய நிலம்தான் முதலில் என்று முடிவாயிற்று. இரண்டு மணி நேரத்தில் தட்டையெல்லாம் சாய்த்து, மண்ணை வெட்டி, கயிறு பிடித்தது போல் பார் பிடித்துவிட்டோம். என் உள்ளங்கையில் நாலு கொப்புளம். வலி தெரியவில்லை.

இருட்டுவதற்குள் திரும்பினோம். வழியில் ஒருவன் சைக்கிளில் ரேடியோவைக் கட்டிக்கொண்டு வந்தான். மேட்ச் கேட்டாயா என்று பெருமையாகக் கேட்டேன். அவன் ஐந்து விரலைக் காட்டினான். யாருக்கு ஐந்து என்றேன். ராக்கெட்ஸுக்கு என்றான். அந்தப் பொடியன்களே ஐந்து போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு மறுபடியும் பூஜ்யம்.

மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். எனெலெஸ் சோபாவை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"டிவியில என்னதான் பாத்தீங்க?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"டிவியா? சாவு வீட்டுல யாராவது டிவி போடுவாங்களா?"

"அப்ப குலவை மட்டும் போடலாமா?"

"அது எங்கம்மா யோசனை. எட்டோட நிறுத்துங்கடி, ஒம்பதுன்னா மாப்பிள்ளை நம்ப மாட்டாருன்னாங்க."