திங்கள்கிழமை எபிசோட்

ஒரு கார்ட்டூன் தொடரை ஒரு நிமிடம்கூடப் பார்க்காமல் முப்பது வருடமாக அதற்குத் தீவிர ரசிகனாக இருந்த ஆள், நான் விசாரித்த வரையில், இந்த உலகத்தில் ஒருத்தன்தான். கருங்கல் சந்தைப் பக்கம் ரேடியம் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறான். அவன் பெயரும் ரேடியம்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. வேறெங்கும் புழக்கத்தில் இல்லை. ஒருமுறை அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது சபையில் போதகரே, "எங்கள் சகோதரன் ரேடியத்தைச் சுகப்படுத்தும் ஆண்டவரே" என்றுதான் ஜெபித்தார். ஆண்டவருக்கும் ஆள் யாரென்று விளங்கியிருக்கிறது. மூன்றாம் நாள் கடையைத் திறந்துவிட்டான்.

அவன் கடையில் வண்டியைக் கொண்டு விடுகிறவர்கள் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். எழுத்து அச்சுப் பிசகாமல் வரும். படம்தான் அவன் இஷ்டம். மீன் வியாபாரி ஒருவர் தன் மினிலாரிக்குச் சமாதானப் புறா கேட்டார். புறா வந்தது, அலகில் ஒலிவ இலையோடு. இடுப்பில் வாள். எங்கள் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அந்த வழியாகப் போன ஐயர் நின்று பார்த்தார்.

"ரேடியம், புறாவுக்கு இடுப்புல என்னது?"

"வாளு, ஐயரே."

"சமாதானப் புறாவுக்கு வாள் எதுக்குடே?"

"கடப்பொறத்துக்குப் போற வண்டியில்லா ஐயரே. நண்டு வந்தா என்ன செய்ய?"

ஐயர் நண்டைப் பற்றி மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்று சாயங்காலம் ஜெபக்கூட்டம் நடந்திருக்காது.

இன்னொரு முறை பள்ளி வேன் ஒன்றின் பின்பக்கம் மூன்று தலை நண்டை ஒட்டிவிட்டான். வேன்காரர் அடிக்கப் பாய்ந்து வந்தார். அடுத்த வாரமே தன்னுடைய இரண்டாவது வேனையும் கொண்டுவந்து நிறுத்தினார். நண்டு இல்லாத வண்டியில் ஏறமாட்டோம் என்று பிள்ளைகள் ஒரே அழுகையாம்.

அந்த நண்டு எங்கிருந்து வந்தது என்று கருங்கல்லில் எனக்கு மட்டும்தான் தெரியும். வெளியே சொல்ல எனக்கு முப்பது வருடம் தைரியம் வரவில்லை.

நாங்கள் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது ஞாயிறு காலை டிவியில் ஒரு கார்ட்டூன் தொடர் வரும். ஒரு பையன், ஒரு கப்பல், கூடவே ஒரு பிராணி. பெயரை இந்தியில் போடுவார்கள். ஆகவே எங்களுக்கு அது கப்பல் படம். எங்கள் வீட்டில் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று உண்டு. தெருப் பிள்ளைகள் எல்லோரும் அதன் முன்னால்தான். ரேடியம் மட்டும் வரமாட்டான். அவன் அப்பா கோயில்குட்டி. அதாவது சர்ச்சில் மணி அடித்து, பாய் விரித்து, கதவு பூட்டுவது வரை எல்லாம் பார்க்கிறவர். ஓய்வுநாள் பள்ளி, ஆராதனை, பிறகு பாய் சுருட்டுவது என்று எல்லாம் முடித்து அவர் மகன் வெளியே வரும்போது, டிவியில் கப்பல் போய் வயலும் உரமும் வந்திருக்கும்.

ஆகவே திங்கள்கிழமை காலை பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன் அவனுக்கு நான் கதை சொல்ல வேண்டும். அவன் அம்மா முந்திரிக்கொத்துப் பலகாரம் சுட்டுக் கடைகளுக்குக் கொடுப்பார். கதைக்கு ஒரு முந்திரிக்கொத்து என்று பேச்சு.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்தி ஓர் எழுத்தும் தெரியாது. கப்பலில் இருந்தவர்கள் என்ன பேசினார்கள், அந்தப் பையன் எதைத் தேடி அலைந்தான், ஒரு மண்ணும் விளங்கியதில்லை. ஆனால் முந்திரிக்கொத்தைக் கையில் வாங்கிக்கொண்டு எப்படிச் சொல்வது, விளங்கவில்லை என்று? அப்பனைத் தேடிப் போகிறான் என்றேன். அந்தப் பிராணி நாயா நரியா என்று பிடிபடவில்லை; மரநாய் என்றேன். கப்பல் என்ன நிறம் என்று கேட்டான். கறுப்பு வெள்ளைப் பெட்டியில் என்ன நிறம் தெரியும்? பச்சை என்றேன். சர்ச்சில் மிஞ்சிய நோட்டீசுகளின் பின்பக்கம் எல்லாவற்றையும் வரைந்தான். கப்பலுக்குக் கோவை இலையைக் கசக்கிப் பச்சை தேய்த்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பார்க்கவில்லை. வீட்டோடு மண்டைக்காட்டு அம்மன் கோயில் திருவிழாவுக்கு, கொடைக்குப் போயிருந்தோம். திங்களன்று அவன் வந்து நிற்கிறான், கையில் ஒன்றுக்கு இரண்டு முந்திரிக்கொத்து. வேறு வழியில்லை. கப்பல் ஒரு தீவில் கரை சேர்ந்தது என்றேன். அங்கே பெண்கள் தலையில் இருமுடிக் கட்டுச் சுமந்து கூட்டம் கூட்டமாக நடந்தார்கள், பொங்கல் பானைகள் புகைந்தன, எல்லோரும் கடலில் கால் நனைத்தார்கள் என்றேன். அதுவரை மண்டைக்காட்டில் நான் கண்டதுதான். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. ஆகவே கடலுக்குள்ளிருந்து மூன்று தலை நண்டு ஒன்றை ஏறிவரச் செய்தேன்.

"மூணு தலையா! நெசமாட்டா?"

"நான் பாத்தேம்லே. ஒண்ணு முழிச்சிருக்கும். ஒண்ணு ஒறங்கும்."

"மூணாவது?"

"அது எல்லாத்தையும் மறக்காம ஓர்ம வச்சிக்கிடும்."

அவ்வளவுதான், நண்டு நிலைத்துவிட்டது. டிவியில் எது வந்தாலும் வராவிட்டாலும் திங்களன்று நண்டு வந்தாக வேண்டும்.

பிறகு நான் படிக்க நாகர்கோவில் போனேன். அவன் பெயிண்டு வேலைக்குத் துபாய் போய்த் திரும்பி வந்து கடை போட்டான். நான் பத்திரிகைகளில் எழுதிப் பிழைக்கிறேன். இரண்டு பேருமே கடைசியில் கருங்கல்லுக்குத்தான் வந்து சேர்ந்தோம். கப்பல் படத்தைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால் நான் சாயா குடிக்கப் போய்விடுவேன்.

போன வருடம் அந்தத் தொடரின் ரசிகர்கள் நாகர்கோவிலில் ஒரு கூட்டம் போட்டார்கள். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். அவரவர் வரைந்த படங்களைச் சுவரில் மாட்டப் போவதாக வாட்ஸப் குழுவில் அறிவிப்பு. ஃபேன் ஆர்ட் என்று அதற்குப் பெயராம். ரேடியம் ஒன்பது படங்களை அனுப்பினான். ஒன்பதும் திரும்பி வந்தன. 'இக்காட்சிகள் தொடரில் இல்லை. எபிசோட் எண் குறிப்பிட்டால் மட்டுமே மாட்ட இயலும்' என்று ஒருங்கிணைப்பாளர் எழுதியிருந்தார். கப்பல் சிவப்பு, நண்டு என்ற பேச்சே கிடையாது, இந்த ஆள் டூப்பு என்று குழுவில் இன்னொருவர் போட்டுவிட்டார்.

ரேடியம் நேராக என் வீட்டுக்கு வந்தான். முகம் பேயறைந்தது போல இருந்தது.

"மக்கா, என்னைய கள்ளன்னு பறையுதானுவ. நீதான் சாட்சி. நண்டு உண்டா, இல்லியா?"

"உண்டு" என்று என் வாய் சொல்லிவிட்டது. பழக்க தோஷம்.

"அப்ப வா. முழுசும் நெட்டுல ஏத்தியிருக்கானுவளாம். எனக்குத் தனியாட்டு பாக்க மனசு வரல்ல. நண்டு வாற எபிசோடு எதுன்னு கண்டுபிடிச்சி அவனுவளுக்குக் காட்டணும். இல்லேன்னா எனக்க படம் அங்க ஏறாது, கேட்டியா?"

கடைக் கதவைச் சாத்திவிட்டு ஒரு நாள் முழுக்க உள்ளே அவன் போனுக்கு முன்னால் உட்கார்ந்தோம். கப்பல் சிவப்பாகத்தான் இருந்தது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். இதில் நான் மறந்துபோன சங்கதி ஒன்று உண்டு. துபாயில் ஆறு வருடம் இந்திக்காரர்களோடு ஒரே அறையில் கிடந்தவன் ரேடியம். இந்தி அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"ஏலே, இவன் அப்பன ஒண்ணும் தேடல்லியே."

"பின்ன?"

"அப்பன் அந்தா, அடுக்களையில மீனு பொரிக்காரு. இவனுக்க சொந்தக் கப்பல எவனோ வித்துப்போட்டான். அதத்தான் தேடுகான். இது வாடகக் கப்பலு."

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "பொறவு? அந்த மரநாய் என்ன சொல்லுகு?" என்றேன்.

"மரநாயா? அது பூனலே!"

காலமெல்லாம் நான் சொல்லி அவன் கேட்ட கதையை அன்று அவன் சொல்ல நான் கேட்டேன். பையன் ஏன் அழுதான், பூனை ஏன் கோபித்துக்கொண்டு போனது, எல்லாம் அன்றுதான் தெரிந்தது. உண்மையான கதையும் நன்றாகவே இருந்தது. என்னுடையதைவிடக் கொஞ்சம் மட்டு, அவ்வளவுதான்.

கடைசி எபிசோடும் முடிந்து பாட்டு ஓடியது. ரேடியம் போனை மேசையில் வைத்தான்.

"நண்டு எங்க?"

"இல்ல."

"விட்டுப்போன எபிசோடு ஏதாவது..."

"எதுலயும் இல்லலே. அந்த வாரம் நான் மண்டைக்காட்டுல இருந்தேன். நானாட்டு சொன்னது."

அவன் நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்பது படங்களையும் எடுத்து அடுக்கினான். ஸ்டிக்கர் வெட்டும் பிளேடைக் கையில் எடுத்தான். எனக்குப் பயம் வந்துவிட்டது. என்னை ஏதாவது செய்துவிடுவான் என்றல்ல, அந்தப் படங்களைக் கிழித்துவிடுவானோ என்று.

"நீ போ" என்றான்.

போனேன். அதற்குப் பிறகு நாலு நாள் அவன் என் போனை எடுக்கவில்லை.

கூட்டத்தன்று நாகர்கோவிலுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கவா, வேடிக்கை பார்க்கவா என்று எனக்கே தெளிவில்லை. மண்டபத்துச் சுவர் முழுக்கச் சிவப்புக் கப்பல்கள், அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி. கடைசி மூலையில் மட்டும் ஆட்கள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். ஒன்பது பச்சைக் கப்பல்கள். ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு ரேடியத்தில் வெட்டி ஒட்டிய எழுத்து: திங்கள்கிழமை எபிசோட்.

ஒருங்கிணைப்பாளர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "நம்பர் இல்லாம மாட்டக்கூடாதுன்னுதான் சார் சொன்னேன். நம்பரு இல்ல, கெழம இருக்கு, போராதான்னு கேக்கார். என்ன செய்ய? எனக்கும் அந்த நண்டு யாருன்னு தெரிஞ்சாகணும்."

முன்வரிசையில் நின்ற அம்மா ஒருவர் ரேடியத்தைப் பிடித்துக்கொண்டார். "இந்தப் பொம்பளையெல்லாம் தலையில என்னத்த சொமந்துட்டுப் போறாவ? நண்டு அவியள என்ன செஞ்சுது?"

அதற்குள் ரேடியம் என்னைக் கண்டுவிட்டான். முகத்தில் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"எனக்கறியாதும்மா. நான் வரஞ்சவன். பாத்தவன் அந்தா நிக்கான். ஏலே, இஞ்ச வா. வந்து சொல்லு."

"ரேடியம், அது வந்து..."

"அளந்தவன்தானலே நீ? இப்பவும் அள."

அளந்தேன். தீவு, பானைகள், புகை, கடல். நரை விழுந்தவர்கள், கண்ணாடி போட்டவர்கள், பிள்ளையைத் தோளில் போட்டிருந்தவர்கள், எல்லோரும் சுவரில் இருந்த நண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரேடியம் மட்டும் படத்தின் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாதவன் போல என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனையோ பேருக்காக எழுதிவிட்டேன். இவன் ஒருத்தன் கேட்டதால்தான் எனக்குச் சொல்லவே வந்தது.