மாட்டுக்குப் பின்னால் இரண்டு வீட்டுக்காரர்கள்

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. நான் வாங்கிய வீடு மச்சான் பேரில் இருப்பதற்கு அதுதான் காரணம்.

பாசிர் கூடாங்கில் எனக்கு வெல்டிங் வேலை. பழைய மோட்டார் சைக்கிள் கடனைக் கட்டாமல் விட்டதால் எந்த வங்கியும் எனக்குக் கடன் தரவில்லை. என் மனைவியின் தம்பி குமார் ஆபிசில் கிராணி, அதாவது குமாஸ்தா.

"மாமா, என் பேர்ல லோன் எடுப்போம். மாசாமாசம் நீங்க கட்டுங்க. பேர்தானே லா, என்ன போவுது?" என்றான்.

சரி என்றேன். (வாழ்க்கையில் நான் அதிகம் பேசிய சொல் இதுதான். எல்லாம் நஷ்டம்.)

முன்பணம் நான் கட்டினேன். தவணை நான் கட்டினேன். சாவி வந்ததும் குமார் "என் வீடு, என் வீடு" என்று பேச ஆரம்பித்தான். சுவருக்கு ஊதா அடிக்கச் சொன்னான். கெரானில், அதாவது வீட்டுப் பத்திரத்தில், அவன் பேர். நாளைக்கே வெளியே போ என்றால் போக வேண்டியதுதான்.

புதுமனை புகுவிழா அன்று ஐயர் கேட்டார். "வீட்டுக்காரர் யாரு? பேர், நட்சத்திரம் சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் குமார் சொல்லி முடித்துவிட்டான். "மாமா, நீங்க மாட்டப் பிடிங்க" என்று எனக்கு வேலையும் கொடுத்தான்.

மாடு லாயாங் லாயாங் ஊரிலிருந்து லாரியில் வந்திருந்தது. முதலில் மாடு நுழையும். பின்னாலேயே வீட்டுக்காரர் நுழைவார். அதுதான் முறை. எனக்கு ஒரு யோசனை வந்தது. (எனக்கு யோசனை வருவது நல்லதில்லை.) கயிற்றை மாட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, வாலுக்குப் பின்னால் போய் நின்றேன். குமாரும் வந்து நின்றான்.

"தள்ளுங்க மாமா."

"நீ தள்ளு."

"கெரான் என் பேர்ல இருக்கு."

"காசு என்னுது."

வாசல் ஒரு மாட்டுக்குப் போதும். அதோடு இரண்டு வீட்டுக்காரர்களுக்குப் போதாது. நாங்கள் முட்டி மோதியதில் மாடு பாதி உள்ளே, பாதி வெளியே நின்று வாலைத் தூக்கியது. அத்தனையும் குமாரின் பட்டு வேட்டியில்.

நான் சிரித்தேன். ஐயர் கையெடுத்துக் கும்பிட்டார். "மகாலட்சுமியே வந்துட்டா! வீட்டுக்காரருக்கு நல்ல யோகம்!"

காசு கட்டியவன் நான். சாணிகூட அவனுக்கு.

ஆத்திரத்தில் மாட்டை ஒரு தட்டு தட்டினேன். அது பின்பக்கமாகவே எங்கள் இருவரையும் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. சாலையோரம் நகராண்மைக் கழகம் வைத்திருந்த பூச்செடிகளை நிதானமாகத் தின்றது. யாரோ போன் போட்டுவிட்டார்கள். அபராதச் சம்மன் எழுதும் புத்தகத்தோடு கழக அதிகாரி வந்தார்.

"துவான் ரூமா சியாப்பா?" மாட்டை வரவழைத்த வீட்டுக்காரர் யார் என்று கேட்டார்.

கூட்டம் குமாரைப் பார்த்தது. குமார் என்னைக் காட்டினான்.

"அலமாக், நான் சும்மா பேருக்குத்தான்! மாமாதான் வீட்டுக்காரரு. காசெல்லாம் அவருதான் கட்றாரு!"

"சத்தமா சொல்லு" என்றேன்.

சொன்னான். உள்ளே இருந்த ஐயர் வரைக்கும் கேட்டது.

"ஆமா, நான்தான்" என்று ஐசியை, என் அடையாள அட்டையை, நீட்டினேன். சம்மனை அப்படிச் சிரித்துக்கொண்டே வாங்கிய ஆளை அந்த அதிகாரி பார்த்திருக்க மாட்டார்.

கெரான் இன்னும் குமார் பேரில்தான். கடன் முடியட்டும் என்கிறான். என் பேரும் இந்த வீட்டு முகவரியும் சேர்ந்து இருக்கிற முதல் காகிதம் அந்தச் சம்மன். அபராதத்தைக் கட்டிவிட்டு, அதற்குக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டினேன். விருந்தாளி யார் வந்தாலும் என் மனைவி அதன் முன்னால் கூட்டிப்போய் நிறுத்துவாள்.

"இதுதாங்க எங்க கெரான்."

குமார் வந்தால் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான்.